வண்டிக்கு மாட்டுன வலை

ஏனுங்க, அந்த பஸ் ஜன்னல் கண்ணாடியச் சித்த இழுத்துச் சாத்துங்களேன். சந்துக்குள்ள காத்து பூந்து உய்ய்யின்னு ஊதுது பாருங்க. இந்தச் சத்தங் கேட்டா, பொறகால ஆடு வருதான்னு திரும்பிப் பாக்கத் தோணுதுங்க எனக்கு. சிரிக்காதீங்க. காரணமாத்தான் சொல்றேன். நீங்க எங்க எறங்கோணும்? தாராபுரமா? அப்பச் சாவகாசமாச் சொல்லலாம். நான் குண்டடத்துல எறங்கீருவேன்.

எம்பேரு வெள்ளியங்கிரி. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டருங்க. இருவத்திநாலு வருசமாத் துணி வெட்டறேன். ஒரு நாளைக்கு ஆயிரம் உருப்படி வெட்டுனாலும் எடக்கைக்கும் வலக்கைக்கும் நூலளவு வித்தியாசம் வராது. பெருமைக்குச் சொல்லலீங்க. உள்ளதச் சொல்றேன்.

எனக்கு ஒரு சகலை இருக்கறான். சென்னியப்பன்னு பேரு. எம்பட சம்சாரம் பூங்கொடியோட தங்கச்சியக் கட்டுனவன். காங்கயத்துல தேங்காக் களம் வெச்சிருக்கறான். அவனுக்கும் எனக்கும் ஒரு போட்டியுங் கெடையாது, அதெ மொதல்லயே சொல்லிப் போடறேன். அவன் ஊட்டுக்கு டைல்ஸ் போட்டான், பொறகு நானும் போட்டேன். ஆனா எங்கூட்டுத் தரையில ஈரம் ஏறுச்சு, அதுக்காகப் போட்டேன். அவன் மீசைய எடுத்தான், நானும் எடுத்தேன். அது வெயில் காலமுங்க.

போன தை மாசம் அவன் ஒரு வண்டி வாங்குனான். ரேஸ் வண்டியாட்டம் இருக்கும். முன்னாலயிருந்து இஞ்சின் வரைக்கும் பிளாஸ்டிக்ல மூடியிருப்பாங்க பாருங்க, ஃபேரிங்குன்னு சொல்றாங்க. எங்க தொழில்ல சொல்லோணும்னா வண்டிக்கு ஒரு சட்டை. அவனுது செவப்பு. மாசி மாசம் நானும் ஒண்ணு வாங்குனேன். நீலம். அவனப் பாத்து இல்லீங்க. எம்பட பழைய வண்டில கிக்கர் ஒதைச்சு ஒதைச்சு முட்டி தேஞ்சுபோச்சு.

மாமனார் ஊட்டுல எல்லாருகிட்டயும் ஷோரூம்ல எடுத்த வண்டின்னு சொன்னேன். அதுல ஒரு பொய்யுமில்லீங்க. ஷோரூம்லதான் எடுத்தது. எடுத்தது சோமனூர்ல ஒரு பையன், அவங்கிட்டயிருந்து நான் எடுத்தேன், அவ்வளவுதான்.

பங்குனில மாமனார் ஊருக்கு அந்த வண்டில போனேனுங்க. குண்டடத்துக்கு அந்தாண்ட, காட்டுப்புதூர். எல்லாரும் வாசலுக்கு வந்து பாத்தாங்க. மாமனாரே சுத்திச் சுத்தி வந்தாரு. அப்ப இந்தச் சென்னியப்பன் குனிஞ்சு பாத்துட்டுச் சொல்றான், "சகலை, வண்டி ஜோருங்க. ஆனா இந்த ஓட்டைக்குள்ள குருவி கூடு கட்டீரப் போவுது, பாத்துக்கங்க."

அந்தச் சட்டையில ரெண்டு பக்கமும், நம்ம அக்குளாட்டம், ஒரு ஓட்டை இருக்குதுங்க. இஞ்சின் சூடு வெளிய போறதுக்கு. அவன் வண்டிலயும் அதே ஓட்டைதான். அதே எடத்துலதான். ஆனா எல்லாரும் எம்பட ஓட்டையப் பாத்துச் சிரிச்சாங்க. மாமனாருக்கு காப்பி மூக்குல ஏறிப்போச்சு. நானுஞ் சிரிச்சேன். சிரிச்சுட்டு ஊட்டுக்கு வந்து மூணு வாரம் தூங்கலீங்க.

ஒரு நா ரோட்டுல ஒரு பெரிய காரப் பாத்தேன். மூஞ்சில கறுப்பா, தேன்கூடாட்டம் வலை. அப்பத்தான் தோணுச்சு. வண்டி ஓட்டைக்கும் வலை போட்டா என்ன? காத்தும் போவும், குருவியும் பூராது, பாக்கறதுக்கும் ராஜாவாட்டம் இருக்கும். மெஷ்ஷு மாட்டறதுன்னு சொல்றாங்க.

மொதல்ல எங்கூட்டுச் சமையக்கட்டு ஜன்னல்ல இருந்த கொசுவலைய வெட்டி ஒட்டுனேன். அது சரிப்படலீங்க. இஞ்சின் சூட்டுல பசை உருகி, சிக்னல்ல நிக்கறப்ப ரெண்டு பக்கமும் தாடியாட்டம் தொங்கீருச்சு. பக்கத்துல நின்ன ஆட்டோக்காரரு, "அண்ணா, வண்டிக்கு முடி கொட்டுது"ங்கறாரு. ஊட்டுல கொசு வேற. பூங்கொடி ஒரு வாரம் எங்கூடப் பேசல. அது நிம்மதியாத்தான் இருந்துச்சு, ஆனா கொசு கடிச்சுது.

அப்பறம் ஸ்பீக்கர் பொட்டி செய்யற கடையில விசாரிச்சேன். பொட்டி மூஞ்சிக்குப் போடற அலுமினிய வலை, கறுப்புக் கலரு, ஆறு மூலை ஓட்டை. அதெத் தொட்டுப் பாத்ததும் எனக்குக் கை அரிச்சுது. மெஷ் துணிதானுங்களே இதும்? ஒரு சட்டைப்பொட்டி அட்டையக் கிழிச்சு, ஓட்டைல வெச்சு அளவெடுத்து, பேட்டர்ன் போட்டு, சுத்தியும் அரை இஞ்சு மடிப்புக்கு விட்டு வெட்டுனேன். கம்பெனிக் கத்தரியில வெட்டுனேன். அதச் சொல்லியிருக்க வேண்டாமோ? போச்சாது, உடுங்க. அடுத்த நா முந்நூறு பனியன் கழுத்துல பல்லுப் பல்லா வந்துச்சு. ஓனர் கேட்டாரு. புது டிசைனுன்னேன்.

அப்பறம் ரெண்டு கலரு களிமண்ணாட்டம் ஒரு பசை வருதில்லீங்க, அதெச் சப்பாத்தி மாவாட்டம் பிசைஞ்சு, உள்பக்கமா வெச்சு அழுத்தி, கொடிக்கு மாட்டற கிளிப்ப வரிசையாக் குத்தி, ஒரு நா முழுக்க வெயில்ல நிறுத்தி வெச்சேன். மக்காநாளு கிளிப்ப எடுத்துப் பாத்தா... என்னத்தச் சொல்றதுங்க. அந்த ஓட்டைக்கு அளவெடுத்துத் தெச்சாப்புல. ஒரு பிசிறு இல்லை. மேல மட்டும் ஒரு சின்னச் சந்து, நூல் கனத்துக்கு விட்டுப்போச்சு. சூட்டுக்கு விரியோணுமில்ல, அதுக்குன்னே விட்டதா வெச்சுக்கங்க.

அந்தச் சந்துதானுங்க ஊதுனது.

மொத நா பூங்கொடிய உக்கார வெச்சுட்டுப் போறேன். வேகம் அறுவதத் தாண்டுச்சு. உய்ய்யின்னு ஒரு சத்தம். போலீஸ் விசிலுன்னு நெனச்சு ஓரமா நிறுத்துனேன். எனக்கு முன்னால போன காரும் நிறுத்துச்சு. அதுக்கு முன்னால போன ரெண்டு லாரியும் நிறுத்துச்சு. லாரிக்காரரு எறங்கி எல்லாக் காயிதத்தையும் எடுத்துட்டு வந்து, யாருகிட்டக் காட்டறதுன்னு தெரியாம எங்கிட்டக் காட்டுனாரு. நான் பாத்துட்டு, போங்கன்னு அனுப்பி வெச்சேன்.

மெக்கானிக்கு ரெண்டே நிமிசத்துல கண்டு புடிச்சுட்டான். "அண்ணா, மெஷ்ஷுக்கு மேல சந்து இருக்குது. காத்து பூந்து பீப்பியாட்டம் ஊதுது. கழட்டீருங்க"ன்னான். கழட்டறதா? அதெ எம்பட சகலை இன்னும் பாக்கவே இல்லீங்களே! சந்த அடைச்சுத் தர்றேன்னும் சொன்னான். அவன் கையப் பாத்தேன், பூராங் கிரீஸு. எம்பட வேலைல அவன் கைய வெக்க விடுவனா?

போகப் போகப் பழகீருச்சுங்க. பூங்கொடி பின்னால உக்காந்துட்டு, மீட்டரப் பாக்காமயே, "மாமா, அறுவத்திரண்டுல போறீங்க, கொறைங்க"ம்பா. சுதி ஏறுனா வேகம் ஏறுதுன்னு அர்த்தம். இந்த வசதி எந்தக் கம்பெனிக்காரன் வண்டில வெச்சிருக்கறான், சொல்லுங்க.

ஆடி மாசம் காட்டுப்புதூர்ல நோம்பி. கோயில்ல கெடா வெட்டு. ஒரம்பரை சனம் மொத்தமும் வருவாங்க, சென்னியப்பனும் வருவான். நான் விடிஞ்சதும் வண்டியத் தொடச்சு, மெஷ்ஷ மட்டும் தேங்காண்ணெ போட்டு மினுக்கிக் கொண்டுபோனேன்.

அவன் அதெப் பாக்கோணுமில்லீங்க? வேப்பமரத்தடியில நிறுத்துனேன், அந்தப் பக்கம் வரல. தண்ணி டேங்க்குகிட்ட நிறுத்துனேன், பாத்தரம் தூக்கிட்டுக் குனிஞ்சமானிக்குப் போயிட்டான். அஞ்சு எடம் மாத்துனேன். கடைசில பந்தல் வாசல்லயே, எவனும் பாக்காமத் தப்ப முடியாதாட்டம், மேக்க பாத்து நிறுத்துனேன்.

உங்களுக்குத் தெரியும், எங்க பக்கம் ஆடிக்காத்து எப்படின்னு. மேக்கயிருந்து வரும், காத்தாடி மரமெல்லாம் சாஞ்சு நிக்கும். நிறுத்திட்டு நாலு எட்டு வெச்சிருப்பேன். வண்டி தானா ஊத ஆரம்பிச்சுருச்சு. இஞ்சின் இல்லை, ஆளு இல்லை, சும்மா நின்னமானிக்கே உய்ய்யின்னு, மூச்சு விடாம.

கோயிலுக்குக் கெழக்க நாச்சிமுத்துன்னு ஒருத்தரோட கொரங்காடு இருக்குது. செம்மறி மேயறதுக்கு முள்ளுவேலி போட்ட காடு. அவரு தெனமும் காலைல சாயந்தரம் ஒரே சுதியில சீட்டி அடிப்பாராமா. அடிச்சா ஆடுக புண்ணாக்குத் தண்ணிக்கு ஓடி வருமாமா. இதெல்லாம் எனக்கெப்படிங்க தெரியும்?

பந்தியில எலை போட்டு, உப்பு வெச்சுட்டாங்க. மொதப் பந்திக்கு எண்பது எலை. மூத்த மாப்பிள்ளைன்னு என்னைய மாமனாருக்குப் பக்கத்துல உக்கார வெச்சிருக்கறாங்க. அப்பப் பந்தலுக்குப் பின்னால தடதடன்னு சத்தம். திரும்பிப் பாத்தா, நாப்பது செம்மறி. வேலிப் படலத் தள்ளிட்டு வந்திருக்குது. நேரா வண்டிகிட்டப் போயி, சுத்தியும் நின்னு, மூஞ்சியத் தூக்கிப் பாக்குது. தண்ணி எங்கன்னு கேக்கறாப்புல. தண்ணி வரலைன்னதும் எலையப் பாத்துருச்சு.

கெடா விருந்துக்கு ஆடே பந்தியில வந்து உக்காந்தாப்புல ஆயிப்போச்சுங்க. எங்க பெரிய மாமனாரு எலைய அவரு ஒரு பக்கம் இழுக்கறாரு, ஒரு கெடா ஒரு பக்கம் இழுக்குது. பொம்பளைக சத்தம் போடறாங்க. சமையக்காரரு கறிச்சட்டிய மூடிட்டு அது மேலயே உக்காந்துட்டாரு. பூங்கொடி ஓடிப்போயி ஒரு துண்டப் போட்டு மெஷ்ஷ மூடுனா. ஊதறது நின்னுச்சு. நின்னதும், வண்டிகிட்ட இருந்த மிச்ச ஆடும் பந்திக்கு வந்துருச்சு. துண்ட எடுத்தா வண்டிக்கு வருது, போட்டாப் பந்திக்கு வருது.

அப்ப நாச்சிமுத்து வந்தாரு. கையில தொறட்டி. மூச்சு எரைக்குது.

"எவன்டா எம்பட ஆட்டச் சீட்டியடிச்சுக் கூப்புட்டது?"

பூங்கொடி அப்பத்தான் துண்ட எடுத்திருந்தா. வண்டி பதில் சொல்றாப்புல ஊதுது.

"இது எவன் வண்டி?"

நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னால இந்தச் சென்னியப்பன் முன்னால வந்து நின்னான். கைய வேற கட்டிட்டான்.

"எம்பட வண்டிதானுங்க. வெவரமில்லாம எதையோ மாட்டிப் போட்டேன். மன்னிச்சுக்கங்க."

கேட்டீங்களா! எம்பட வண்டிங்கறான்! இருவது நாளு கஷ்டப்பட்டு, கத்தரி போயி, கொசுக்கடி பட்டு, நான் மாட்டுன மெஷ்ஷ, ஊரு மொத்தமும் பாத்துட்டு நிக்கற நேரத்துல, அவன் பேருல எழுதிக்கறான். பூங்கொடி பின்னாலயிருந்து கிள்ளறா. "மாமா, சும்மா இருங்க. அவரு உங்களுக்காகத்தான்..." என்ன எனக்காக? அவ எப்பவுந் தங்கச்சி புருசனுக்குத்தான் பரிஞ்சு பேசுவா.

நான் எந்திரிச்சேன். "அவன் வண்டி செவப்புங்க! இது எம்பட வண்டி. மெஷ்ஷும் நான் மாட்டுனதுதான். அளவெடுத்து வெட்டுனது"ன்னேன்.

சென்னியப்பன் எங்காதுல, "சகலை, நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்"ங்கறான். பாத்துக்குவான், பாத்துக்குவான்! நான் பாக்கெட்டுலயிருந்து ஆர்சி கார்டை எடுத்து நாச்சிமுத்து கையில குடுத்தேன். "படிச்சுப் பாருங்க, யாரு பேரு இருக்குதுன்னு!"

அந்த மனுசன் கண்ணாடி எடுத்துப் போட்டு, கார்டைத் தள்ளிப் புடிச்சு, ஊருக்கே கேக்கறாப்புலப் படிச்சாரு. "வெள்ளியங்கிரி. ஓனர்... ரெண்டு. அப்படின்னா என்றா, பழைய வண்டியா?"

பேரோட நிறுத்தியிருக்கலாமுங்க. அந்த எடத்துக்கு எதுக்குப் போகோணும்? படிக்கத் தெரியும்னு காட்டிக்கறாராமா.

மாமனார் துண்டெடுத்து மூஞ்சியத் தொடச்சாரு. தொடச்சுட்டே இருந்தாரு. துண்டுக்குள்ள தோளு ரெண்டும் குலுங்குது. அழுகறாருன்னு நெனச்சேன். பூங்கொடி, இல்லைங்கறா.

செரி, ஆட்டத் திருப்பி ஓட்டோணுமில்லீங்க? நாச்சிமுத்து சீட்டி அடிச்சாரு. ஒரு ஆடு திரும்பிப் பாக்கல. அவரு நடுவுல மூச்சு வாங்கோணும். எம்பட வண்டிக்கு அந்தத் தொந்தரவு இல்லீங்களே. கடைசில அவரே சொல்லீட்டாரு, "உன்ற வண்டியே கொண்டாந்து காட்டுக்குள்ள உடட்டும், நட."

ஆனா ஒரு செரமம். வண்டி மேக்க பாத்தாத்தான் ஊதும். காடு இருக்கறது கெழக்க. அப்ப என்ன பண்றது? மேக்க பாத்தமானிக்கே வண்டியப் பின்னால தள்ளிட்டுப் போகோணும். அரை மைலு. நான் ஹேண்டிலப் புடிச்சுட்டுப் பொறகால பொறகால போறேன். என்னையப் பாத்து நாப்பது மூஞ்சி வருது. அதுக்குப் பின்னால ஊரு மூஞ்சி. கல்யாணத்தன்னைக்குக் கூட என்னைய அத்தன பேரு ஒண்ணாப் பாக்கலீங்க.

சென்னியப்பன் வந்து பின்னால கம்பியப் புடிச்சு இழுத்தான். நான் ஒண்ணும் கூப்புடல. அவனா வந்தான். "எடப்பக்கம் குழி, சகலை... நேரா வாங்க... கல்லு, கல்லு"ன்னு வழி சொல்லிட்டே வர்றான். எனக்குச் சொன்னவன் தான் பாக்கல. ஒரு எலி வளையில கால வெச்சான், மடங்கீருச்சு. விழுந்துட்டான். விழுந்தவன் எந்திரிக்காமச் சிரிக்கறான். வலிக்குதுன்னு அழுகறான், அப்பறஞ் சிரிக்கறான். ஒரு கெடா வந்து அவன் சட்டைய மோந்து பாத்துச்சு.

எப்படியோ ஆட்ட உள்ள உட்டுப் படலச் சாத்தியாச்சு. வண்டியத் திருப்புனேன், ஊதறது நின்னுச்சு. நாச்சிமுத்து தண்ணி கொண்டாறப் போயிட்டாரு. நானும் அவனும் மட்டும் புழுக்கைக்கு நடுவுல உக்காந்திருக்கறோம். அவன் கணுக்கால் கத்திரிக்காயாட்டம் வீங்கிப் போச்சு. அப்பத்தான் அவன் மெஷ்ஷ வெரல்ல தடவிப் பாத்தான். தடவிட்டுச் சொல்றான்:

"சகலை, எப்படிங்க வெட்டுனீங்க இதெ? ஒரு பிசிறில்லையே. நானும் போன மாசம் இதாட்டம் ஒரு வலை வாங்கிட்டு வந்து வெட்டிப் பாத்தேன். கோணக்கோணலாப் போயி, கையக் கிழிச்சுட்டேன்."

உள்ளங்கையக் காட்டுனான். குறுக்கால ஒரு தழும்பு.

அது தொழில் ரகசியம்னுட்டேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால எம்பட வண்டியவே அவனுதுன்னு சொன்ன ஆளு! உடனே சொல்லிக் குடுத்தர முடியுங்களா? ஆனா அவன முதுகுல தூக்கிட்டு ரோடு வரைக்கும் வந்தது நாந்தான். தேங்காக் களத்துக்காரன், என்ன கனம்ங்கறீங்க.

எலும்புல கீறல், ஆறு வாரம் கட்டுன்னுட்டாங்க. காட்டுப்புதூர்ல மாமனார் ஊட்டுலயே படுத்திருக்கறான். வாராவாரம் போயிப் பாத்துட்டு வர்றேன். பாசமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அங்க உக்காந்துட்டு வர்றவங்க போறவங்ககிட்ட என்ன சொல்றானோன்னு பாக்கோணுமில்ல.

வண்டி இருக்கறப்ப எதுக்கு பஸ்ஸுங்கறீங்களா? அந்த ரோட்டுல வண்டில போனா ஆடு வந்துருதுங்க. போன வாரம் ஒரு எருமையும் சேந்துருச்சு. கழட்டீரலாமேங்கறீங்க. ஏனுங்க கழட்டோணும்?

இந்தப் பையில என்னன்னு பாக்கறீங்க. ஒண்ணுமில்லீங்க, சாத்துக்குடி. அதுக்கு அடியில கொஞ்சம் அட்டை, மெஷ்ஷு, பசை, பன்னெண்டு கிளிப்பு. அவன் வண்டியும் அங்கயேதான் நிக்குது. படுத்திருக்கற ஆளு கேட்டுட்டான், என்ன பண்றது. இன்னைக்கு மாட்டீரலாம்னு. அவனுக்கு மட்டும் சந்தக் கொஞ்சம் அகலமா உடப் போறேன். அகலம் எச்சானா சுதி கொறையும், நான் ஊட்டுல பேன் முன்னால வெச்சுப் பாத்துட்டேன். ரெண்டு வண்டியும் சோடியா ஊதிட்டுப் போனாலும், அவனுது ஒரு சுதி கீழதான் இருக்கோணும்.

நான் மூத்த சகலை பாருங்க.